ஏரிக்கரையில் பனங்கொட்டை: பள்ளிப் பிள்ளைகளோடு செய்த வேலையின் பதிவு

பனை விதைப்பு என்பது பல ஊர்களில் ஒருநாள் கூத்தாகத்தான் நடக்கிறது. காலையில் பேனர் கட்டுவார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்து இறங்கும். மதியத்துக்குள் கரையில் புதைத்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எத்தனை கொட்டை போட்டோம் என்பது மறுநாள் செய்தியில் வரும். எத்தனை முளைத்தது என்று அடுத்த வருடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது, எந்த இடத்தில் போட்டோம் என்று யாரும் குறித்து வைத்திருந்தால்தானே?

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பசுமைப் படையின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் சில பருவங்களாகப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பனை போட்டுவருகிறோம். போடுவதைவிடத் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போகிறது. அதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதி வைத்தால் வேறு பள்ளிக்காரர்களுக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் ஒரு கணக்கு. பனைக்குப் பத்தடி இடைவெளி வேண்டும். ஒரு கிலோமீட்டர் கரையில் ஒற்றை வரிசையாகப் போட்டால் ஏறக்குறைய 330 கொட்டைகளுக்குத்தான் இடம் இருக்கும். ஒரே நாளில் ஒரு லட்சம் விதை நட்டோம் என்று யாராவது சொன்னால், ஒற்றை வரிசைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் கரை தேவை. சென்னையில் தொடங்கினால் திருச்சிக்குப் பக்கத்தில்தான் போய் முடியும். இந்தக் கணக்கை நான் சொல்வதில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே கரும்பலகையில் போடச் சொல்வேன். விடை வந்ததும் அவர்களே சிரிப்பார்கள். அதற்கப்புறம் "அப்போ நாம எத்தனை சார் போடப்போறோம்?" என்று கேட்கும்போது சின்ன எண்ணைச் சொன்னாலும் யார் முகமும் வாடுவதில்லை. வகுப்புக்கு முந்நூறு அடிக் கரை, முப்பது குழி. அவ்வளவுதான்.

யார் ஏரி, யாரிடம் கேட்பது

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் அந்த ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஊராட்சித் தலைவரிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பிற்பாடு கரை வேலை வரும்போது யாரைக் கேட்டு நட்டீர்கள் என்ற கேள்வி எழும். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம், அதோடு எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை போடப்போகிறோம் என்று பிள்ளைகள் வரைந்த ஒரு படம், இரண்டும் அலுவலகத்தில் இருக்கட்டும். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு நடை அலையவேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

மதகுக்கும், மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கலுக்கும் பக்கத்தில் போடவேண்டாம். அங்கே கட்டுமானம் இருக்கிறது, பழுது பார்க்க ஆட்கள் வருவார்கள், மண் தோண்டுவார்கள். கரையின் மேல்தளமும் வேண்டாம். மாட்டுவண்டி போன பாதையில் இப்போது டிராக்டர் போகிறது. ஏரிக்கு உள்பக்கச் சரிவு தண்ணீர் ஏறி இறங்கும் இடம். மிச்சம் இருப்பது வயல் பக்கத்து வெளிச்சரிவின் மேல் ஓரம். பழைய பனைகள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை, ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கு நடுவில் விட்டுப்போன இடங்களை நிரப்பினாலே போதும்.

பிள்ளைகளுக்கு ஏன் பனை என்று சொல்லவேண்டிவரும். 1978இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது என்பது பாடப்புத்தகத்தில் வந்துவிடும். செங்கல் சூளைக்கு விறகாக எவ்வளவோ பனை போனது என்பது அவர்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். 2021இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றார்கள். அதே அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கும் திட்டமும் இருந்தது. ஆனால் நான் ஒன்று சொல்லாமல் விட்டுவிடுவேன். பனை நிலத்தடி நீரை மேலே கொண்டுவரும், மழையை இழுக்கும் என்றெல்லாம் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அதை நிரூபித்துக் காட்டத் தெரியாது. சல்லி வேர்கள் கரை மண்ணைக் கொத்தாகப் பிடித்துவைத்திருப்பதை மண் சரிந்த ஓர் இடத்தில் கையால் தொட்டுக் காட்டமுடியும். தொங்கும் காய்ந்த ஓலையின் அடியில் பனை உழவாரன் எச்சிலால் கூடு ஒட்டியிருப்பதைத் தலையை நிமிர்த்திக் காட்டமுடியும். பிள்ளைகளுக்கு அது போதும்.

கொட்டை சேர்ப்பது

பனம்பழம் ஆடியில் விழத் தொடங்கிப் புரட்டாசிவரை கிடைக்கும். ஆனால் நுங்குக்கு வெட்டிவிட்ட மரத்தில் பழம் ஏது? அதனால் சித்திரை, வைகாசியிலேயே மரத்துக்காரரிடம் போய், "மரத்துக்கு ரெண்டு குலையை விட்டுவைங்க" என்று கேட்டுவைக்கவேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் அப்படி விட்டுக்கொடுக்கிறார். நாங்கள் கேட்டு நின்ற அன்று, "பழுத்து விழுந்தா எடுத்துக்கோங்க வாத்தியாரே. மரத்துல ஏறமட்டும் எந்தப் பிள்ளையையும் விடாதீங்க" என்று ஒரே நிபந்தனைதான் போட்டார்.

கொட்டை பொறுக்கும் நாள்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதில்தான் ஆபத்தும் அதிகம். முழுப் பனம்பழம் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். அது அறுபதடி உயரத்திலிருந்து விழும். காற்றடிக்கும் நாளில் மரத்தடிக்குப் போகவே கூடாது. காற்றில்லாத நாளிலும், ஒருவர் தள்ளி நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு இரண்டு பேராகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடவேண்டும். முந்தின நாளே போய் மரத்தில் கதண்டுக் (பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கூடு தெரிந்தால் அந்த மரத்தின் பக்கமே போவதில்லை. கீழே கிடக்கும் பழைய மட்டைக் குவியலில் தேளும் பாம்பும் இருக்கலாம், அதில் யாரும் கைவிடக்கூடாது. மட்டையின் கருக்கு ரம்பம் போலக் கிழிக்கும். மட்டையை இழுக்கவேண்டியிருந்தால் பெரியவர்கள்தான் இழுப்போம்.

பழத்தைக் கொண்டுவந்ததும் உரிக்க ஆரம்பிக்கவேண்டாம். நிழலில் குவித்து நாலைந்து நாள் விட்டால் சதை தானே இளகிவிடும். நாற்றம் வரும், ஈ மொய்க்கும். அதனால் வகுப்பறையிலிருந்து தள்ளி, மதில் ஓரத்தில் வைப்பது நல்லது (சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் வைத்து நாங்கள் வாங்கிய திட்டு தனிக்கதை). இரண்டு பழத்தைச் சுட்டுக் கொடுத்தால் பிள்ளைகளில் பாதிப் பேர் விரும்பிச் சாப்பிடுவார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு பழத்தில் ஒன்றிலிருந்து மூன்று கொட்டை இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரியவேண்டும். ஓட்டை விழுந்தது, லேசாக இருப்பது, போன வருடத்து வெயிலில் காய்ந்து கிடந்தது ஆகியவற்றை ஒதுக்கிவிடவேண்டும். கொட்டையைக் காயவைத்துச் சேமிப்பதும் கூடாது. எடுத்த பருவத்திலேயே மண்ணுக்குள் போனால்தான் முளைப்பு நன்றாக இருக்கும். மாடு தின்று சப்பிப் போட்ட கொட்டைகளும் நன்றாகவே முளைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

"பொம்பளை மரத்துக் கொட்டையைப் போட்டா பொம்பளை மரமா வருமா சார்?" என்று எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். காய்ப்பதே பெண் மரம்தான், ஆகவே எல்லாக் கொட்டையும் பெண் மரத்திலிருந்துதான் வருகிறது. அதிலிருந்து ஆணும் வரும், பெண்ணும் வரும். எது எது என்று பாளை (பூக்குலை) விடும்வரை யாராலும் சொல்லமுடியாது. பாளை விடப் பதினைந்து இருபது வருடம் ஆகும். இதைக் கேட்டதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுவார்கள். "அப்போ எனக்குக் கல்யாணமே ஆயிடும் சார்!" என்று ஒரு பெண் சொன்னதும் வகுப்பே சிரித்தது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று பெரியவர்கள் சொல்வதை அன்றைக்குத்தான் எடுத்துச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துப் பாத்தி

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கரையில் புதைத்த கொட்டை மாதக்கணக்கில் வெளியே எதையும் காட்டாது. மழை வரும், புல் வளரும், பொங்கல் வரும், போகும். மண்ணுக்கு மேலே ஒரு பச்சைகூடத் தெரியாது. பூவரசங்குச்சி நட்டால் ஒரு மாதத்தில் துளிர் பார்த்துவிடும் பிள்ளைகளுக்கு இது செத்துப்போய்விட்டது என்றே தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாவிட்டால் ஆர்வம் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்காகப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், பனங்கிழங்குக்குப் போடுகிறவர்கள் செய்கிற மாதிரியே ஒரு மேட்டுப்பாத்தி போடுகிறோம். சுற்றிலும் செங்கல் அடுக்கி, செம்மண்ணும் மணலும் கலந்து இரண்டடி உயரத்துக்கு நிரப்பி, மேலே கொட்டைகளை ஒன்றையொன்று ஒட்டினாற்போல் பரப்பி, மெல்லிசாக மண் போட்டு மூடுகிறோம். மழை இல்லாத வாரம் மட்டும் தண்ணீர். இடைவெளி தேவையில்லை, இது மரமாவதற்கு இல்லை, தோண்டிப் பார்ப்பதற்கு.

மாதம் ஒருமுறை ஓரத்திலிருந்து நாலைந்து கொட்டையை மட்டும் பக்கவாட்டில் மண்ணை விலக்கி எடுக்கிறோம். முதல் மாதத்தில் கொட்டையின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப்பார்த்திருக்கும். எல்லோரும் அதை வேர் என்றுதான் சொல்வார்கள். அது வேரில்லை. ஒரு குழாய் மாதிரி நீண்டுகொண்டே கீழே போகும் அந்தக் காம்பு, கருவைத் தன் நுனியில் வைத்து ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. மற்ற விதைகள் மேலே வரத் துடிக்கும்போது இது முதலில் ஒரு முழம் கீழே போகிறது. அடுத்த மாதம் எடுத்தால் குழாய் இன்னும் நீண்டிருக்கும், அடியில் தடித்திருக்கும். அதன் உள்ளே கிழங்கு பிடிக்கத் தொடங்கியிருக்கும். மேலே கொட்டையை நான் வெட்டிக் காட்டுவேன். உள்ளே கல்லாக இருந்த பருப்பு கரையக் கரைய, பஞ்சு மாதிரி இனிப்பாகத் தவுண் வளர்ந்திருக்கும். பூரான் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. தவுணுக்கு அடிதடியே நடக்கும், சம பங்காக வெட்டிக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேலே இருக்கும் சாப்பாட்டைத் தவுண் உறிஞ்சிக் காம்பு வழியாகக் கீழே கிழங்குக்கு அனுப்புகிறது என்று சொல்லும்போது வாயில் அதே தவுண் இருப்பதால் யாரும் மறப்பதில்லை.

பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைகிறார்கள். கொட்டையிலிருந்து கிழங்கு நுனிவரை அளவுகோல் வைத்து அளந்து எழுதுகிறார்கள். தையில் அந்தத் தாளைப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் நான்கு மாதம் நடந்த வேலை முழுவதும் தெரியும்.

இந்தப் பாத்தியால் இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ஏன் நர்சரியில் பையில் கன்று வளர்த்துக் கொண்டுவந்து நடக்கூடாது? சாதாரணப் பையில் போட்ட கொட்டையின் முளை, பையின் அடியைப் பொத்துக்கொண்டு தரைக்குள் போய்விடும். பையைத் தூக்கினால் முளை ஒடியும். மிக ஆழமான பை வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது பெரிய வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கொட்டையை நேரே மண்ணில் போடுவதுதான் சரி. விதைப்பந்தும் இதற்குத் தேவையில்லை. பனங்கொட்டைக்கு இயற்கையே போட்டிருக்கும் ஓட்டைவிடக் கெட்டியாக நாம் எதை உருட்டிவிடப்போகிறோம்?

தை மாதத்தில் பாத்தியில் மீதமிருக்கும் கிழங்கைப் பிடுங்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துச் சாப்பிடுகிறோம். பிளந்தால் நடுவில் நீளமாக ஒரு குச்சி வரும், சாப்பிடும்போது எல்லோரும் எடுத்துப் போட்டுவிடுவது. அதுதான் முதல் ஓலையாக வெளியே வரவேண்டிய குருத்து. ஒரு பையன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அப்போ இது ஒரு மரம் சார், தின்னுட்டேன்" என்றான். ஆமாம் என்றேன். அடுத்த கிழங்கையும் எடுத்துக்கொண்டான்.

கரையில் வேலை

போடுவதற்கு ஏற்ற காலம் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடியும்வரை. வடகிழக்குப் பருவமழை பின்னாலேயே வருவதால் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. ஒரு நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் மண் இளகியிருக்கும். காய்ந்த செம்மண்ணில் கடப்பாரை போட்டால் குதித்துக்கொண்டு திரும்பி வரும், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார்கள். முன்கூட்டியே தேதி குறித்து விருந்தினரை அழைத்துவிட்டால் மழைக்காகக் காத்திருக்கமுடியாது. விருந்தினரை அழைக்காமல் இருப்பது எங்கள் வழக்கம்.

காலை ஆறரைக்குப் பள்ளியில் கூடி, ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவோம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் இல்லாத பிள்ளையை அழைத்துப்போவதில்லை. ஒரு வகுப்புக்கு நான்கு பெரியவர்களாவது வேண்டும், அதில் ஒருவர் பெண் ஆசிரியராக இருப்பது அவசியம். கரையில் கழிப்பறை கிடையாது. பக்கத்தில் யார் வீட்டில் விடுவார்கள் என்று முன்னாலேயே கேட்டுவைக்காவிட்டால் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்பார்கள். இதை எந்த அழைப்பிதழிலும் எழுதமாட்டார்கள். தண்ணீர்க்குடம், டம்ளர், மோர், சுண்டல், முதலுதவிப் பெட்டி ஆகியவை ஒரு சைக்கிளில் வந்துவிடும். ஏரித் தண்ணீரில் யாரும் கால் வைக்கக்கூடாது என்பதை மட்டும் கிளம்பும்போதும் போய்ச் சேர்ந்ததும் இருமுறை கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். மண் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது.

கடப்பாரை ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் களைக்கொத்து, மண் அள்ளும் பாண்டு. கடப்பாரை போடுகிறவரைச் சுற்றி இரண்டு கை தூரத்துக்கு யாரும் நிற்கக்கூடாது. எல்லோருக்கும் எப்போதும் ஏதாவது வேலை இருப்பது முக்கியம். வேலை இல்லாத பிள்ளைதான் ஏரிக்குள் கல் எறியும், தேன்கூட்டைப் பார்க்கப் போகும்.

நூறடி நைலான் கயிறு ஒன்றில் பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். மதகுச் சுவர் போல இடம் மாறாத ஒன்றிலிருந்துதான் அளக்கத் தொடங்கவேண்டும். அங்கிருந்து தள்ளவேண்டிய தூரத்தைத் தள்ளிவிட்டு, கயிற்றை நீட்டி, துணி இருக்கும் இடத்தில் குழி. மரம் நிற்கும் இடமாக இருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம், எண் மாறுவதில்லை. இருப்பிடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கைப்பேசி சில மீட்டர் பிசகும். பத்தடிக்கு ஒரு குழி இருக்கும் இடத்தில் அது பக்கத்துக் குழியைக் காட்டும். கயிறு பிசகாது.

குழி ஓரடி ஆழம். கொட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்று பெரிய வாக்குவாதமே நடக்கும். படுக்கவைத்தால் போதும், முளை எந்தப் பக்கம் வந்தாலும் தானே வளைந்து கீழே போய்விடும். மண்ணைத் தள்ளி, காலால் ஒரு மிதி, அவ்வளவுதான். ஒரு பெண், கொட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிடி சாணி உரம் வைக்கவேண்டும் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். கரை மண்ணில் தானே முளைத்து நிற்கும் பனைக்கு அது தேவையில்லை என்றாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நோட்டில் குழி எண், தேதி, மண் எப்படி, எந்த மரத்துக் கொட்டை என்று எழுதுகிறோம். எந்தப் பிள்ளை போட்டது என்று மட்டும் எழுதுவதில்லை. பெயர் எழுதினால் முளைக்காத குழிக்காரர் அழுவார். முளைத்த குழிக்காரர் பத்தாம் வகுப்பு முடித்துப் போனதும் அந்தக் கன்று கேட்பாரற்றுப் போகும். குழி எண்தான் இருக்கும், அந்த முந்நூறு அடி அந்த வகுப்புக்கு உரியது. வகுப்பு மேலே ஏறும்போது நோட்டு கீழே இருக்கும் வகுப்புக்கு வந்துவிடும்.

திரும்பிப் போவது

அடுத்த ஆவணியில் கயிற்றோடு மறுபடியும் அதே கரைக்குப் போகிறோம். இந்த முறை கடப்பாரை கிடையாது, நோட்டும் பேனாவும்தான். இதற்கு வராத பள்ளிகள்தான் அதிகம். இதற்கு வந்த பிள்ளைகளுக்குத்தான் விஷயம் பிடிபடுகிறது.

முதல் ஓலை விசிறி மாதிரி இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அது ஒற்றை நீள ஓலையாக, விரல் அகலத்தில், நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். சுற்றிலும் கோரையும் புல்லும் இருக்கும் இடத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. கண்ணைவிடக் கைக்கு எளிதில் தெரியும். தடவினால் கெட்டியாக, வழவழப்பில்லாமல் இருக்கும். இழுத்தால் வராது. துணி இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் தேடவேண்டும். ஒன்று கிடைத்ததும் "இருக்கு சார்!" என்று கத்துகிற சத்தம் மதகுவரை கேட்கும்.

கிடைக்காத இடத்தில் காரணம் தேடுவதுதான் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலை. எங்கள் கரையில் ஒரு துண்டில் தொடர்ந்து மோசமாகவே வந்தது. நடந்து பார்த்தால் அந்த இடத்தில் கரையைத் தாண்டி ஆடு இறங்கும் ஒற்றையடிப் பாதை, மண்ணும் சுக்கான் பாறை மாதிரி இறுகியது. இன்னொரு துண்டில் குழிகள் தோண்டிக் கிடந்தன, ஓடு மட்டும் மிச்சம். ஊர்ப் பையன்கள் தையில் கிழங்குக்குத் தோண்டியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் பள்ளிக்காரர்களே! திட்டி என்ன ஆகப்போகிறது? கொட்டை மிச்சம் இருக்கும்போது அவர்கள் தெருவுக்கு ஒரு மூட்டை கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் பாத்தி போட்டுக்கொள்ளச் சொன்னோம். அதற்குப் பிறகு கரையில் தோண்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

மாசி பங்குனியில் யாராவது புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள். கரை முழுக்கக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். ஆனால் பனைக்கு அந்த வயதில் வளரும் நுனி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஓலை கருகினாலும், மாடு கடித்தாலும் கீழேயிருந்து மறுபடி குருத்து வந்துவிடும். கிழங்கு ஏன் அவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்ற கேள்விக்குப் பாத்தியில் பாதி விடைதான் கிடைத்தது. மீதி விடை இங்கே கிடைத்தது.

பனையால் தாங்கமுடியாதது இயந்திரம்தான். ஒரு பருவத்தில் கரையைப் பலப்படுத்த வந்த பொக்லைன் வெளிச்சரிவை வழித்தெடுத்துப் புதுமண் கொட்டிவிட்டுப் போனது. முதல் வருடக் கன்றுகள் வரிசையாகப் போய்விட்டன. ஓட்டுநரைக் குறை சொல்லமுடியாது, புல் மாதிரி நிற்கும் ஒற்றை ஓலையைப் பனை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கடிதமும் படமும் அலுவலகத்தில் இருந்ததால், அடுத்த துண்டுக்கு வேலை போகும் முன் ஒரு வார்த்தை சொன்னார்கள். நாங்கள் போய் எந்தப் பக்கம் வரிசை இருக்கிறது என்று காட்டினோம். இப்போது ஒவ்வொரு வகுப்பின் துண்டுக்கும் இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருக்கிறோம்.

நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களிடமும் காட்டவேண்டும் என்று நினைத்துப் போனேன். கரையில் புல் செதுக்கும்போது கன்றையும் சேர்த்துச் செதுக்கிவிடுவார்களோ என்று பயம். பேச்சை ஆரம்பித்ததுமே ஒரு ஆயா, "பனைக்குருத்தும் புல்லும் எங்களுக்குத் தெரியாதா சார்? உங்க பசங்கதான் மிதிச்சுட்டுப் போறாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்கப்புறம் எண்ணப் போகும் நாளில் பிள்ளைகள் கரை மேல்தளத்திலேயே வரிசையாக நடந்து, குழி எண் வந்ததும் ஒருவர் மட்டும் சரிவில் இறங்குகிறார்.

வெளியூர் இளைஞர்கள் வந்தால்

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு எங்கள் பக்கம் வருவதுண்டு. வரும் காலம் பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகு. வந்ததும் "பனை விதைக்கணும் சார்" என்பார்கள். அது பருவமில்லை, கொட்டையும் இல்லை. எங்கிருந்தோ பழைய கொட்டை வாங்கிவந்து படத்துக்காகப் புதைப்பதற்குச் சம்மதிப்பதில்லை.

அவர்களுக்குத் தர வேறு வேலை நிறைய இருக்கிறது. வெளிச்சரிவில் சீமைக் கருவேலம் தலைகாட்டியிருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே இழுத்தால் முட்டளவு கன்றுகள் வேரோடு வந்துவிடும். பெரியதை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரைத் தோண்டி எடுக்கவேண்டும். தடித்த கையுறை வேண்டும், முள் செருப்பைத் துளைக்கும் என்பதால் ஷூ வேண்டும். இதில் பள்ளிப் பிள்ளைகளை இறக்குவதில்லை. மாசிக்கு முன்னால் கன்று வரிசையின் இருபுறமும் காய்ந்த புல்லைச் செதுக்கி எடுப்பதும் அவர்களால் முடியும். பனையேறி ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் மாலைப்பொழுதும் நன்றாகப் போகும். பாளை சீவும் அரிவாளைக் காட்டி, கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள், தடவாவிட்டால் பதநீர் எப்படிப் புளித்துக் கள்ளாகிவிடும் என்று அவர் சொல்லும்போது ஒருவரும் கைப்பேசியைத் தொடுவதில்லை.

முகாம் முடியும் நாளில் அவர்கள் செய்ததையும் அதே நோட்டில் எழுதச் சொல்கிறேன்: எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை கருவேலம் எடுத்தார்கள், எங்கே வேர் மிச்சம் இருக்கிறது, எந்தக் குழியில் ஓலை பார்த்தார்கள். ஆவணியில் கயிற்றோடு போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் தேவைப்படும். காலியாக இருந்த எண்களின் பட்டியல்தான் அந்த வருடத்துக்கு எத்தனை கொட்டை வேண்டும் என்று சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் சித்திரையில் மரத்துக்காரரிடம் எத்தனை குலை விடச் சொல்வது என்று முடிவு செய்கிறோம்.